பாக்தாதின் முகம், பழைய எலும்பு

2012இல் வெளிவந்த ‘ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்’ என்ற வீடியோ கேம் துபாயை மணலுக்குள் புதைத்துவிட்டுத்தான் கதையையே தொடங்கியது. பெர்லினில் இயங்கிய யாகர் நிறுவனத்தின் தயாரிப்பு அது. மணற்புயலில் அழிந்த நகரம், அதற்குள் காணாமல்போன அமெரிக்கப் படைப்பிரிவு, அதைத் தேடி வரும் மூன்று வீரர்கள். அமீரகத்தில் அதற்குத் தடை விதித்தார்கள். துபாயில் குடியிருந்தவருக்கு, துபாயைக் காட்டிய கேம் துபாய்க் கடையில் கிடைக்கவில்லை. அதற்கும் மூன்றாண்டு முன்னால் ‘கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’ கராச்சியைக் காட்டியபோது, உருது இருக்க வேண்டிய பலகைகளில் அரபு இருந்தது. சுடுவதற்கு ஒரு தெரு வேண்டும். அந்தத் தெருவில் என்ன மொழி என்று யார் பார்க்கப்போகிறார்கள் என்ற அலட்சியம்.

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால்தான் ‘அஸாஸின்ஸ் கிரீட் மிராஜ்’ மீது வளைகுடாவில் பலருக்கு ஏன் அத்தனை பிரியம் என்பது புரியும். யூபிசாஃப்ட் நிறுவனத்தின் போர்தோ ஸ்டூடியோ உருவாக்கி, 2023 அக்டோபர் 5 அன்று வெளியான கேம். களம் கி.பி. 861இன் பாக்தாத். நாயகன் பாசிம் இப்னு இஸ்ஹாக், தெருத்திருடனாக இருந்து மறைந்து தாக்கும் கொலையாளிகளின் சபையில் சேர்பவன். தொடக்கம் முதல் இறுதிவரை அரபுக் குரலிலேயே ஆடலாம். 2025 நவம்பர் 18 அன்று, சவுதியின் அல்உலா பள்ளத்தாக்கைக் களமாகக் கொண்ட ‘வேலி ஆஃப் மெமரி’ என்ற கூடுதல் பகுதியும் இலவசமாக வந்துவிட்டது. ஆகவே மொத்தக் கணக்கையும் இப்போது நிதானமாகப் பார்க்கலாம். அரபு உலகத்துக்கு இந்த கேம் செய்தது என்ன? ஒரு கேமாக அது செய்தது என்ன? இரண்டுக்கும் விடை ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சினிமா ஒரு ஊரைக் காட்டுகிறது. நாவல் ஒரு ஊரைச் சொல்கிறது. கேம் அந்த ஊரில் நம் கையை ஏதோ ஒன்றைச் செய்ய வைக்கிறது. எதைச் செய்தால் பலன், எதைச் செய்தால் தண்டனை, எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்கிற விதிகள்தான் அதன் உடம்பு. படமும் இசையும் குரலும் அந்த உடம்பின் மேல் வருகிறவை. எனவே ஒரு ஊரைக் களமாகக் கொண்ட எந்த கேமிடமும் ஒரு கேள்வியைக் கேட்கலாம்: இந்த ஊரை எடுத்துவிட்டு வேறோர் ஊரை வைத்தால், நம் கை செய்யும் வேலை மாறுமா? மாறாது என்றால், எத்தனை அழகாக வரைந்திருந்தாலும் அந்த ஊர் திரைச்சீலைதான்.

முதலில் மிராஜுக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். அது கொஞ்சம் அல்ல. அப்பாஸிய கலீஃபா அல்-மன்சூர் 762இல் நிறுவிய வட்ட நகரத்தின் சுவடு இன்று தரைக்குமேல் இல்லை. அதை ஏட்டுக் குறிப்புகளிலிருந்து மீட்டெடுத்து, நடக்கவும் ஏறவும் கூடிய இடமாக்கியிருக்கிறார்கள். தென்மேற்கில் வணிகர்களின் கர்க், வடக்கில் போர்வீரர்களின் ஹர்பிய்யா, நடுவில் மதில் சூழ்ந்த வட்டம், குறுக்கே டைகிரிஸ் ஆறு. சாயத்தொட்டிகளும் சோப்புப் பட்டறைகளும் காகிதக் கடைகளும் அடுத்தடுத்து வருகின்றன. பார்க்கும் இடங்களைப் பற்றிய வரலாற்றுக் குறிப்புகளைத் தனியே ஒரு களஞ்சியமாகச் சேர்த்திருக்கிறார்கள். 60க்கும் மேற்பட்ட இடங்கள். பாரிஸின் அரபு உலக நிறுவனம் போன்ற அருங்காட்சியகங்களின் பொருள்கள் அதில் படங்களாக வருகின்றன. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டு முஸ்லிம் நகரம் என்பது காகிதம், கண்ணாடி, கணிதம், மருத்துவம், பாட்டு என்று பல தொழில்கள் நடந்த இடம் என்பதை இத்தனை பேரிடம் கொண்டுசென்ற வேறொரு கேமை எனக்குத் தெரியாது.

குரலும் அப்படித்தான். அரபுப் பதிப்பில் பாசிமுக்குக் குரல் கொடுத்திருப்பவர் இயாத் நஸ்ஸார். எகிப்தியத் தொடர்களில் பெயர் எடுத்த ஜோர்டானிய நடிகர். எனக்குத் தெரிந்த அரபு பக்காலா என்கிற மளிகைக் கடையிலும் டாக்ஸியிலும் கற்ற அரபு. ‘கலாஸ்’, ‘யல்லா’, ‘மாஃபி முஷ்கில்’ வரைக்கும் ஓடும், அதற்குமேல் சப்டைட்டில்தான். ஆனாலும் ஆங்கிலக் குரலில் சில மணி நேரம் ஆடிவிட்டு அரபுக்கு மாற்றினால், அதே கர்க் சந்தை வேறு சந்தையாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஆடும்போது கூட்டத்தின் அரபு வெறும் இரைச்சல். நாயகனும் அரபு பேசத் தொடங்கியதும் அவனும் கூட்டத்தில் ஒருவன். கூட வேலை செய்யும் சிரியா நாட்டு நண்பர் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, இது தெருவில் யாரும் பேசாத அரபு, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அரபு என்று சிரித்தார். ஆனால் எழுந்து போகவில்லை. திரையில் அரபு பேசுகிறவன் குறிபார்த்துச் சுட வேண்டிய ஆளாக மட்டுமே வந்துபோன ஒரு ஊடகத்தில், அவன் நாமாக இருப்பது சிறிய மாற்றமல்ல. இந்தப் பெருமையை யாரும் குறைத்துப் பேச முடியாது, நானும் பேசவில்லை.

ஆனால் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தவுடன் கதை மாறுகிறது.

கர்க் சந்தையில் ஒரு வணிகனின் பின்னால் போய் நிற்கிறோம். பட்டனை அழுத்தியதும் காலம் மெதுவாகிறது. இடுப்பிலுள்ள பை மின்னும் நொடியில் மறுபடி அழுத்தினால் பணமோ, பேரத்துக்கான வில்லையோ கைக்கு வருகிறது. தவறினால் அவன் கத்துகிறான், காவலர்கள் திரும்புகிறார்கள். தவறுகள் கூடக்கூட நம் தலைமீது மூன்று படிகளாகப் பழி ஏறுகிறது. சுவரில் நம் முகம் வரைந்த அறிவிப்பு ஒட்டப்படுகிறது. அதைக் கிழித்தால் பழி இறங்கும். அல்லது ஊருக்குள் அறிவிப்புச் செய்யும் முனாதியிடம் ஒரு வில்லையைக் கொடுத்தால், அவர் நம்மைப் பற்றி நல்லதாகப் பேசிவிடுவார். இன்னொரு வில்லை கொடுத்தால் கூலிப்படையினர் காவலர்களின் கவனத்தைத் திருப்புவார்கள். பாக்தாதுக்கே உரிய ஏற்பாடுபோலத் தோன்றுகிறது, இல்லையா?

2009இல் இதே வரிசையில் வந்த ‘அஸாஸின்ஸ் கிரீட் 2’ஐ ஆடியவர்களுக்கு அப்படித் தோன்றாது. அதன் களம் இத்தாலியின் ஃபிளாரன்ஸும் வெனிஸும். அங்கேயும் சுவரில் நம் முகம். கிழித்தால் பழி குறையும். அங்கேயும் மேடையில் நின்று அறிவிப்பவர். காசு கொடுத்தால் வாயை மூடுவார். அங்கேயும் கூலிப்படையினரை அமர்த்திக் காவலர்களைத் திசைதிருப்பலாம். முனாதி என்ற அரபுப் பெயரை அணிந்திருப்பவர் உண்மையில் ஃபிளாரன்ஸ்காரர்.

மற்றவையும் இதேபோலத்தான். மேலே பறந்து எதிரிகளைக் குறிக்கும் கழுகு, எகிப்தைக் களமாகக் கொண்ட 2017இன் ‘ஆரிஜின்ஸ்’ கேமிலிருந்து வந்தது. இங்கே அதற்கு மெசபடோமியக் காவியத்தின் எங்கிடு என்ற பெயர். மாவட்டத்துக்கு ஒரு ரகசிய அலுவலகம் என்பது 2007இன் முதல் கேமில் டமாஸ்கஸில் பார்த்தது. பல எதிரிகளைக் குறித்துவைத்து ஒரே மூச்சில் சாய்க்கும் வித்தை, யூபிசாஃப்ட்டே 2010இல் வெளியிட்ட ‘ஸ்ப்லின்டர் செல்: கன்விக்‌ஷன்’ கேமின் நினைவைத் தருகிறது. அங்கே நாயகன் அமெரிக்க உளவாளி. ஆக, பாசிமின் கை செய்யும் வேலைகளில் ஃபிளாரன்ஸ் இருக்கிறது, எகிப்து இருக்கிறது, வாஷிங்டன் இருக்கிறது. பாக்தாத் எங்கே?

மிராஜ் பழைய கேம்களின் சுருக்கமான வடிவத்துக்குத் திரும்புவதாகச் சொல்லியே விற்கப்பட்டது; பழையதை மறுபடி தந்ததைக் குறையாகச் சொல்வது நியாயமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2020இல் வந்த ‘வல்ஹல்லா’வை முடிக்க அறுபது மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. மிராஜ் அதன் கூடுதல் பகுதியாகத் தொடங்கித் தனி கேமாக வளர்ந்தது. கதையை மட்டும் ஆடினால் 15 மணி நேரத்தில் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமையும் ஊருக்குப் பேசும் நேரமும் போக மிஞ்சும் பொழுதில் விளையாடுகிறவர்களுக்கு அந்தச் சுருக்கம் ஒரு வரம். என் குறை பழைய விதிகள் மீதல்ல. ஒரு புதிய விதிகூட இந்த ஊரிலிருந்து பிறக்கவில்லையே என்பதுதான்.

பிறக்க வாய்ப்பில்லாத ஊர் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். 861இன் பாக்தாத் அப்படிப்பட்ட ஊரா? பைத்துல் ஹிக்மா என்ற அறிவில்லத்தின் மரபு உயிரோடிருந்த காலம். கிரேக்க மருத்துவர் கேலனை சிரியாக்கிலும் அரபிலும் பெயர்த்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அப்போது வாழ்ந்துகொண்டிருந்தார். அவருடைய முறையே ஒரு புதிர்தான்: ஒரே நூலின் பல கைப்பிரதிகளைத் தேடிச் சேர்ப்பது, ஒன்றோடொன்று ஒப்பிடுவது, பிழைகளைக் களைந்து ஒரு சரியான மூலத்தை உண்டாக்குவது, அதற்குப் பிறகே பெயர்ப்பது. ஒரு பிரதிக்காக ஊர் ஊராக அலைந்ததை அவரே எழுதிவைத்திருக்கிறார். உளவறிவதும் தடயங்களைச் சேர்ப்பதும்தான் தன் அடிப்படை என்று சொல்லிக்கொள்ளும் ஒரு கேமுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் வேறெங்கே கிடைக்கும்?

மிராஜில் அறிவில்லம் இருக்கிறது, அழகாகவே இருக்கிறது. அதன் மாடத்தில் ஏறலாம், அலமாரிகளுக்கு இடையே ஒளியலாம், அங்கே ஒரு கொலையும் செய்யலாம். தொலைந்த நூல்களைத் தேடி எடுத்து எழுத்தாளர் அல்-ஜாஹிஸிடம் கொடுக்கும் ஒரு துணைவேலையும் உண்டு. ஆனால் அந்த நூல்களை நாம் திறப்பதில்லை. மேப்பில் குறி, குறியில் நூல், நூலுக்குப் பரிசு. நூலுக்குப் பதில் மிளகு மூட்டையை வைத்திருந்தாலும் நம் கை செய்யும் வேலை அதேதான். விசாரணைகளும் அவ்வாறே. தடயங்களைச் சேர்க்கிறோம், ஆனால் அவற்றை வைத்து யோசிப்பது நாம் அல்ல. போதுமானவை சேர்ந்ததும் விடையைத் திரையே அவிழ்த்துவிடுகிறது.

இப்படி ஒரு வேலையை விதியாக்குவது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்களுக்கு, அதே இலையுதிர் காலத்தில் அதே பிரான்ஸிலிருந்து பதில் வந்தது. மிராஜுக்கு ஒரு மாதம் முன்பு, 2023 செப்டம்பர் 5 அன்று, துலூஸ் நகரத்தின் ரன்டிஸ்க் என்ற சிறு ஸ்டூடியோவின் ‘சான்ட்ஸ் ஆஃப் சென்னார்’ வெளியானது. ஒரு கோபுரம், மாடிக்கு ஒரு மக்கள், மக்களுக்கு ஒரு எழுத்து. கேட்டும் பார்த்தும் ஊகித்து ஒவ்வொரு குறிக்கும் பொருளைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே போக வேண்டும். பிறகு ஒரு மாடிக்காரர் சொல்வதை இன்னொரு மாடிக்காரருக்கு நாமே பெயர்த்துச் சொல்ல வேண்டும். அந்த கேமில் பாக்தாத் என்ற பெயரே வராது. ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாதின் தலையாய தொழிலை நம் கையில் கொடுத்தது அதுதான்.

இன்னொரு இடத்தில் மிராஜ் கைவிடுவது இன்னும் வருத்தம் தருவது. கதையின் முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம்.

பாசிமை இரவில் ஒரு ஜின் துரத்துகிறது. கதையின் ஆகச்சிறந்த இழை அதுதான். வளைகுடாவில் சில காலம் இருந்தவருக்கு ஜின் புதிதல்ல. பாழடைந்த வீட்டைக் காட்டி அங்கே போகாதே என்று சொல்கிற டிரைவரையாவது சந்தித்திருப்பார். அந்தப் பயத்தை இந்த மண்ணின் பயமாகவே வைத்திருந்தால் மிராஜ் தனித்து நின்றிருக்கும். ஆனால் தொடர் முழுதும் ஓடும் அறிவியல் புனைவுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. ‘வல்ஹல்லா’வில் ஏற்கனவே முடிவு செய்துவிட்டார்கள்: பாசிம் என்பவன் மனிதருக்கு முந்தைய ஓர் இனத்தைச் சேர்ந்த லோகியின் மறுபிறப்பு. வட ஐரோப்பிய நார்ஸ் புராணத்தின் அதே லோகி. எனவே ஜின் என்பது லோகியின் பழைய காயம் என்று முடிகிறது. அரபு நாயகனின் நெஞ்சைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பவர் ஸ்காண்டிநேவியர். விதிகளில் நடந்ததே கதையிலும் நடந்திருக்கிறது.

இப்போது நேரெதிரான ஒரு கேமைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கோபன்ஹேகனின் ஐஓ இன்டராக்டிவ் 2021 ஜனவரி 20 அன்று வெளியிட்ட ‘ஹிட்மேன் 3’ துபாயில் தொடங்குகிறது. மேகத்துக்குமேல் நிற்கும் புர்ஜ் அல்-கஸாலி என்ற கற்பனைக் கோபுரம். அதன் திறப்பு விழா. கொல்லப்பட வேண்டிய இருவரும் வெளிநாட்டுப் பெருந்தனவந்தர்கள். வரலாற்றுக் களஞ்சியம் இல்லை, அறிஞர் குழு இல்லை, அரபுக் குரலில் நாயகன் இல்லை. மேலோட்டமாகப் பார்த்தால் விளம்பரப் பலகையின் துபாய், பளிங்கும் தங்கமும்தான்.

ஆனால் அதன் விதியைப் பாருங்கள். அந்தத் தொடர் முழுதுமே ஒரு விதியில் நிற்கிறது: என்ன உடை அணிந்திருக்கிறோமோ அதை வைத்தே எந்தக் கதவு திறக்கும் என்பது முடிவாகும். விருந்தினரின் சூட் அணிந்தால் பளிங்குக் கூடத்தில் சுதந்திரமாகத் திரியலாம். பின்கட்டுக் கதவைத் தொட்டால் காவலர் தடுப்பார். பராமரிப்புத் தொழிலாளியின் உடைக்கு மாறினால் அந்தக் கதவு திறக்கும். ஏணி, கம்பிக்கூண்டு, இயந்திர அறை என்று கோபுரத்தின் குடல் முழுவதும் நமக்குத் திறந்துவிடும். ஆனால் அதே உடையில் மாடி வீட்டுப் பக்கம் போனால் சந்தேகம். தட்டேந்தும் உபசரிப்பாளரை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ‘நாற்பத்தேழு’ என்ற எண்ணையே பெயராகக் கொண்ட நாயகக் கொலையாளி கண்ணுக்குத் தெரியாமல் போவது அந்த நேரங்களில்தான்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே கட்டடத்துக்கு இரண்டு நுழைவாயில். சீருடையின் நிறத்துக்கு ஒரு லிஃப்ட். கழுத்தில் தொங்கும் அட்டை காட்டினால் ஒரு மாடி. கட்டியவரும் துடைப்பவரும் காவல் காப்பவரும் எல்லா இடத்திலும் இருப்பார்கள், எவர் கண்ணிலும் படாமல். ஐஓ நிறுவனம் இதை துபாய்க்காக யோசித்துச் செய்யவில்லை. பாரிஸுக்கும் மும்பைக்கும் அதே விதிதான். எனவே என் அளவுகோல்படி ஹிட்மேனும் தேர்வில் தோற்கத்தான் வேண்டும்: ஊரை மாற்றினால் கை செய்யும் வேலை மாறாது. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. அந்த விதி துபாயில் வந்து விழுந்தபோது இந்த ஊரின் ஓர் உண்மையோடு பொருந்தி, அதை நம் கையால் உணரவைக்கிறது. மிராஜின் விதிகள் பாக்தாதின் எந்த உண்மையோடும் இப்படி உரசுவதில்லை. என் அளவுகோலை இங்கே கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்: விதி அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும் என்பதில்லை, அந்த ஊரைப் பற்றி எதையாவது சொல்ல வேண்டும்.

இந்தத் திருத்திய அளவுகோலில் முழுதாகத் தேறும் ஒரு கேம் தமிழர் கையிலிருந்து வந்தது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் அந்த மகிழ்ச்சி அல்ல. டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட ‘வெண்பா’. 1980களின் இறுதியில் கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின். கையில் அம்மா தந்த சமையல் குறிப்பேடு. பாதி கிழிந்தது, பாதி கறை படிந்தது. குறிப்பில் காணாமல்போன படியைச் சூழலை வைத்து ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை அடுக்கும் முதல் புதிரிலேயே இது தெளிவாகிவிடுகிறது: ஒரு தட்டின் குழி அடுத்த தட்டின் துளைக்கு நேராக வரும்படி மாற்றி மாற்றி அடுக்கினால்தான் ஆவி மேலே போகும். நம் வீட்டில் கை தானாகச் செய்யும் ஒரு வேலையை, ஏன் அப்படிச் செய்கிறோம் என்று நின்று யோசிக்கவைக்கும் விதி. மொழியும் விதிக்குள் வருகிறது. கவினுக்குப் பிடிபடாத தமிழ் திரையிலேயே மங்கிப்போகிறது. வளர்ந்தபின் அம்மாவின் கையெழுத்தைப் படிக்க அவன் தடுமாறும்போது நாமும் சேர்ந்தே தடுமாறுகிறோம்.

சிதைந்த பிரதி, காணாமல்போன வரி, சூழலை வைத்து ஊகம். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் செய்த வேலைக்கு மிராஜின் அறிவில்லத்தைவிட வெண்பாவின் அடுப்பங்கரை பக்கத்தில் இருக்கிறது.

வெண்பாவுக்கும் குறைகள் உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. புதிருக்கு ஒரே விடைதான். தவறினால் இழப்பதற்கு எதுவும் இல்லை. எனவே சமையல் என்பது சில இடங்களில் சடங்காகிவிடுகிறது. புலம்பெயர்ந்த பெற்றோர், வெட்கப்படும் மகன், உணவின் வழியே சமரசம் என்ற கதைவழியும் புதிதல்ல. அது குடியேறியவர்களின் கதை. தங்குவதற்கு வழியில்லாமல் விசா தீரும்வரை வாழும் வளைகுடாத் தமிழரின் கதை அல்ல. 2024இல் பாஃப்டாவின் அறிமுக கேம் விருதை அது வென்றது சரியான தீர்ப்புதான். ஆனால் ‘அறிமுகம்’ என்ற அடைமொழியும் சரியானதுதான். சின்ன கேம், சின்ன எல்லை; அந்த எல்லைக்குள் ஊர் என்ற முகமும் விதி என்ற எலும்பும் ஒன்றாகவே இருக்கின்றன.

மிச்சமிருப்பது ‘வேலி ஆஃப் மெமரி’யும் அதன் பின்னாலிருக்கும் பணமும். தன் தந்தையைத் தேடி பாசிம் அல்உலாவுக்குப் போகிறான். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஹெக்ராவின் பாறைக் கல்லறைகள் நிறைந்த பள்ளத்தாக்கு அது. சவுதி அரசு இப்போது சுற்றுலாவுக்காக வளர்த்துவரும் இடம். கேமாகப் பார்த்தால் இந்தப் பகுதியில் தாவலும் ஏறலும் மெருகேறியிருக்கின்றன. சுவரிலிருந்து எந்தத் திசையில் குதிப்பது என்பது மறுபடி நம் கட்டுப்பாட்டுக்கு வந்திருக்கிறது. மூல கேமையும் சேர்த்துத் திருத்தியிருப்பதால், புதிதாகத் தொடங்குகிறவருக்கு 2023இல் கிடைத்ததைவிட நல்ல கேம் கிடைக்கிறது. பணம் எங்கிருந்து வந்தது? சவுதி நிதியுதவி பற்றி பிரெஞ்சு நாளிதழ் லெஸ் எக்கோ 2025 ஜனவரியில் எழுதியது. 2025 ஆகஸ்டில் இந்தப் பகுதியைப் பற்றிய அறிவிப்பு வந்தது ரியாதில் நடந்த மாநாட்டில்.

புரவலரின் காசு என்பதாலேயே படைப்பு கெட்டுவிடாது. பாக்தாதின் அறிவில்லமே கலீஃபாவின் கருவூலத்தில் வளர்ந்ததுதான். புரவலர் விதிக்குள் கை வைக்கிறாரா என்பதே கேள்வி. வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எஸ்என்கே நிறுவனம் சான்று. ஜப்பானின் அந்தப் பழைய சண்டை கேம் நிறுவனத்தின் 96 சதவீதத்துக்கும் மேலான பங்கு சவுதி பட்டத்து இளவரசரின் மிஸ்க் அறக்கட்டளையிடம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் அது வெளியிட்ட ‘ஃபேட்டல் ஃப்யூரி: சிட்டி ஆஃப் தி வுல்வ்ஸ்’ கேமில், தெருச்சண்டை வீரர்களுக்கு நடுவே ரியாதின் அல் நஸ்ர் அணிக்கு ஆடும் கிறிஸ்டியானோ ரொனால்டோ வந்து நின்று பந்தை உதைக்கிறார். 26 ஆண்டுகளாக அடுத்த பாகத்துக்குக் காத்திருந்த ரசிகர் அதைக் கேட்கவில்லை. அல்உலா பகுதியில் இந்த அளவுக்கு அப்பட்டமாக எதுவும் இல்லை. ஆனால் பள்ளத்தாக்கு எங்கும் பார்ப்பதற்கே இருக்கிறது. செய்வதெல்லாம் பாக்தாதில் செய்ததே. இடத்தைக் காட்டுவது மட்டுமே நோக்கமாகும்போது கேமுக்கும் சுற்றுலாப் படத்துக்கும் உள்ள தூரம் குறைந்துவிடுகிறது.

தீர்ப்பு இதுதான். மிராஜ் மிகச்சிறந்த நகரம், நடுத்தரமான கேம். அரபு உலகத்தை இலக்கிலிருந்து இல்லமாக மாற்றியதற்காக அதற்கு வரலாற்றில் இடம் உண்டு. கேம் வடிவத்தில் அது எதையும் முன்னே நகர்த்தவில்லை. வெளியானபோது அதன் விலை 50 டாலர், அமீரகக் கணக்கில் சுமார் 184 திர்ஹம். அந்த விலைக்கு வாங்கச் சொல்ல மாட்டேன். தள்ளுபடியில் கிடைத்தால், அல்உலாவும் சேர்ந்து வரும் இப்போதைய வடிவத்தில், அரபுக் குரலில் ஆடச் சொல்வேன். குறிப்பாக வளைகுடாவில் வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், வயது வரம்பைப் பார்த்துப் பதின்பருவத்தின் முடிவிலிருப்பவர்களோடு. 15 டாலருக்கு வந்த வெண்பாவை முழு விலைக்கே வாங்கலாம். ஹிட்மேனின் துபாயை ஒருமுறையாவது பராமரிப்புத் தொழிலாளியின் உடையிலேயே முழுதும் ஆடிப் பார்க்கலாம்.

இந்த அளவுகோல் இனி அடிக்கடி தேவைப்படும். ஒரு காலத்தில் வளைகுடா என்றால் கேம்களைத் தடுக்கும் இடம். ‘ஸ்பெக் ஆப்ஸ்’ தடைபட்டது. ‘ஃபைனல் ஃபேன்டஸி 16’ஐ 2023இல் சவுதி அனுமதிக்கவில்லை. ஆனால் அதே சவுதியின் பொது முதலீட்டு நிதியம், கூட்டாளிகளுடன் சேர்ந்து எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தை 5,500 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தத்தை 2025 செப்டம்பரில் அறிவித்தது. 2024, 2025 கோடைகளில் ரியாதில் ஈஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பை நடந்தது. அரபு நகரங்கள், அரபு நாயகர்கள், அரபுக் குரல்கள் இனி வந்துகொண்டே இருக்கும். டிரெய்லர்கள் கண்ணைப் பறிக்கும். அபுதாபியில் 2011 முதல் இயங்கிய யூபிசாஃப்ட் ஸ்டூடியோவின் பெயர் ‘க்ரோடோப்பியா’ போன்ற மொபைல் கேம்களோடு நின்றுவிட, பாக்தாதை போர்தோவில் செய்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். பணம் இங்கிருந்து போகிறது. விதியை எழுதும் மேசை இன்னும் இங்கே வரவில்லை. அடுத்த டிரெய்லரில் மினாரும் பேரீச்சையும் எத்தனை அழகாக வந்தாலும், பதினைந்து நிமிடம் ஆடும் காட்சியை வெளியிடும்வரை முன்பதிவு செய்யாதீர்கள். அதில் நாயகனின் உடையைப் பார்க்க வேண்டாம். அவன் கை என்ன செய்கிறது என்பதை மட்டும் பாருங்கள். அந்த வேலையை ஃபிளாரன்ஸில் ஏற்கனவே செய்தது நினைவுக்கு வந்தால், காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.